அரசரின் பல்வலி



1674-ல் பிரெஞ்சுக்காரர் நம் புதுச்சேரியில் குடியேறியபோது பிரான்ஸை ஆண்டவர் பதினான்காம் லூயி. 1638-ல் பிறந்து, ஐந்து வயது நிறையுமுன் அரசராகி, 1715-ல் இறக்கும்வரை ஆண்டார். ஐரோப்பாவே அஞ்சிய அவரைப் பல்வலி விடவில்லை. மேல்தாடைப் பற்களைப் பிடுங்கியபோது எலும்பும் உடைந்தது. குடித்த நீர் மூக்கு வழியே வந்தது. 1685-ல் அந்தத் துவாரத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் 14 முறை சுட்டார்கள். மரத்துப்போக ஊசி ஏது அந்நாளில்? அரசர் பொறுத்துக்கொண்டார்.

நாம் அப்படிப் பொறுக்க வேண்டியதில்லை. சீழ் கட்டிய பல்லுக்கு ஊசி சிலவேளை சரியாகப் பிடிக்காது. அது உங்கள் கோழைத்தனமன்று. வலித்தால் உடனே கையுயர்த்துங்கள். மருத்துவர் வேறிடத்தில் ஊசி போடுவார், அல்லது சீழை ஆற்றிப் பிறகு பிடுங்குவார். பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.