28 லட்சம் பெண்களின் பெயர் ஏன் நீக்கப்பட்டது? இந்தியாவின் முதல் தேர்தலை நடத்திய சுகுமார் சென்னின் கதை

உங்கள் வாக்காளர் அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். போட்டோவுக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதற்குக் கீழேதான் அப்பா பெயரோ, கணவர் பெயரோ வரும். இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால், இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலின்போது, சொந்தப் பெயர் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்கள்.

அந்த முடிவை எடுத்தவர் சுகுமார் சென். இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இவர் ஒரு மார்க் கேள்வி. ஆனால், ஜனநாயகம் என்பது புத்தகத்தில் எப்படி இருக்கிறது, தரையில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த சுகுமார் சென்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்தவர். கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியிலும், பிறகு லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1920-களின் தொடக்கத்தில் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான பிரிட்டிஷ் காலத்துப் பணி அது. பல மாவட்டங்களில் வேலை பார்த்தார், நீதிபதியாகவும் இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். அவருடைய தம்பி அசோக் குமார் சென் பின்னாளில் மத்திய சட்ட அமைச்சராக இருந்தவர்.

1950 மார்ச்சில் டெல்லியில் இருந்து அழைப்பு வந்தது. தேர்தல் ஆணையம் அமைக்கப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரே ஒரு ஆணையர்தான், அவர்தான் சென். கையில் ஒரு அரசியலமைப்புச் சட்டம். எதிரே 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள்.

தியரி ரொம்ப சிம்பிள்

ஜனநாயகத்தின் அடிப்படை விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. நம் அரசியலமைப்பின் 326-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அன்றைக்கு வாக்களிக்கும் வயது 21. அது 18 ஆனது 1980-களின் கடைசியில்தான்.

இன்று இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் நடந்த தேர்தல்களில் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் ஓட்டு. ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாக்குரிமை ஒவ்வொரு பிரிவினருக்காகப் படிப்படியாகத்தான் விரிந்தது. இந்தியாவோ ஒரே பாய்ச்சலில் எல்லோருக்கும் கொடுத்தது. அதுவும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லாத நேரத்தில்.

இன்னொரு முக்கியமான விதி 324-வது பிரிவு. தேர்தலை ஆளுங்கட்சி நடத்தக் கூடாது, தனி அமைப்பு நடத்த வேண்டும் என்பது இதன் சாரம். மாகாணத்துக்கு ஒரு ஆணையம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். ஆனால் சில மாகாணங்களில், வேறு மொழி பேசுபவர்களையும் வெளியில் இருந்து வந்தவர்களையும் பட்டியலில் சேர்க்காமல் விடுவதாகப் புகார்கள் வந்தன. அதனால் நாடு முழுக்க ஒரே ஆணையம் என்று 1949-ல் அம்பேத்கர் திருத்தம் கொண்டுவந்தார். அதாவது, சட்டம் அமலுக்கு வரும் முன்பே சண்டை வாக்காளர் பட்டியலைப் பற்றித்தான் இருந்தது.

பிராக்டிகலில் என்ன சிக்கல்?

பிரதமர் நேரு 1951-ன் தொடக்கத்திலேயே தேர்தலை முடித்துவிட விரும்பினார். அந்த அவசரத்துக்கு சென்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. காரணம், செய்ய வேண்டிய வேலையின் அளவு.

முதல் வேலை பட்டியல். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் பணி 1948-லேயே தொடங்கியிருந்தது. அப்போது பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்த லட்சக்கணக்கான அகதிகள் முகாம்களில் இருந்தார்கள். அவர்களை எந்த ஊர் வாக்காளராகக் கணக்கில் எடுப்பது? இங்கேதான் நிரந்தரமாக இருக்கப் போகிறேன் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று வழி செய்தார்கள். பெயர்களைத் தட்டச்சு செய்து தொகுக்க மட்டும் சுமார் 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள்.

அடுத்தது பொருட்கள். சுமார் 2 லட்சம் வாக்குச்சாவடிகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள். மலைக் கிராமங்களுக்குப் போக ஆறுகளின் மேல் புதிதாகப் பாலம் போட வேண்டியிருந்தது. தீவுகளுக்குக் கடற்படைக் கப்பலில் பொருட்கள் போயின. ஓட்டு என்றால் என்ன என்று விளக்கும் படம் 3,000-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஓடியது.

படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார்?

இதற்கு ஆணையம் கண்டுபிடித்த வழி சின்னம். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆலமரம். கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள். ஜனசங்கத்துக்கு விளக்கு. எல்லாமே ஒரு விவசாயி தினமும் பார்க்கிற, பார்த்ததும் பெயர் சொல்கிற பொருட்கள்.

அப்போது வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கூட இருக்காது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் ஓட்டு பதிவாகிவிடும். முத்திரை குத்தவோ, எழுதவோ வேண்டாம்.

ஒருவரே இரண்டு முறை வந்துவிட்டால்? அதற்குத்தான் விரலில் மை. தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவான, சீக்கிரத்தில் அழியாத மை அது. இன்று நாம் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற அந்த மை விரல், கள்ள ஓட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடு.

பெயர் சொல்லாத பெண்கள்

எல்லாவற்றையும்விடக் கடினமான பிரச்சினை பட்டியலைச் சரிபார்க்கும்போது வந்தது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் போன்ற பகுதிகளில் லட்சக்கணக்கான பெண்கள் இன்னாரின் அம்மா, இன்னாரின் மனைவி என்றே பதிவாகியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

சென்னுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடுவது. 28 லட்சம் பேருக்கும் ஓட்டு கிடைக்கும். ஆனால் இன்னாரின் மனைவி என்று வந்து நிற்பவர் அவர்தானா என்று எப்படி உறுதி செய்வது? தவிர, நாட்டின் முதல் தேர்தலிலேயே ஒரு பெண் தன் பெயரால் குடிமகளாக இல்லாமல், இன்னொருவரின் உறவாகவே இருந்துவிடுவார்.

இன்னொன்று, பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்பது. பட்டியல் சுத்தமாக இருக்கும். ஆனால் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படை வாக்குறுதியே உடையும். அதுவும் அந்தப் பெண்கள் செய்யாத தவறுக்காக.

சென் முதலில் பெயர்களைத் திருத்தச் சொன்னார். பீகாரில் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது, அங்கே ஓரளவு பலனும் கிடைத்தது. ராஜஸ்தானில் அவ்வளவு பலன் இல்லை. கடைசியில் அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. இந்த இழப்பைப் பார்த்தாவது அடுத்த தேர்தலுக்குள் இந்த வழக்கம் மாறும் என்பது அவர் நம்பிக்கை.

இது சரியான முடிவா? இன்றுவரை இதற்கு ஒரே பதில் கிடையாது. வாக்களிக்கும் இடத்தில் பெண்களுக்கென்று ஆயிரக்கணக்கான தனிச் சாவடிகள் அமைத்தவரும் அவர்தான், 28 லட்சம் பெண்களை அந்தச் சாவடிக்கே வர முடியாமல் செய்தவரும் அவர்தான்.

ரிசல்ட் என்ன சொன்னது?

1951 அக்டோபர் 25 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மலைப்பகுதியான சினியில் முதல் ஓட்டுகள் விழுந்தன. குளிர்காலத்தில் பனி வழியை அடைத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் முன்கூட்டியே தேர்தல். நாட்டின் பெரும்பாலான இடங்களில் 1952 ஜனவரி, பிப்ரவரியில் வாக்குப்பதிவு நடந்தது. மக்களவைக்கும் மாநில சட்டமன்றங்களுக்கும் சேர்த்தே தேர்தல். மக்களவைக்குப் பதிவான வாக்குகள் சுமார் 45 சதவீதம்.

மக்களவையின் 489 இடங்களில் காங்கிரஸ் 364-ஐப் பிடித்தது. ஆனால் அது வாங்கிய ஓட்டு சுமார் 45 சதவீதம்தான். அதெப்படி? தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயிப்பார், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எதிர்க்கட்சிகளின் ஓட்டு சிதறினால் முன்னால் இருப்பவருக்கு லாபம். இன்று வரை தேர்தல் முடிவுகளில் நாம் பார்க்கிற இந்த வித்தியாசம் முதல் தேர்தலிலேயே வந்துவிட்டது.

அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர், வடக்கு பம்பாயில் தோற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். அங்கே 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. கடைசியில் தேர்தலில் நிற்காத ராஜாஜி, மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சர் ஆனார். ஓட்டு எண்ணி முடித்ததும் ஜனநாயகத்தின் எல்லாக் கேள்வியும் முடிந்துவிடாது என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

சூடான் முதல் பர்த்வான் வரை

இந்தத் தேர்தல் நடந்து முடிந்த விதம் வெளிநாடுகளிலும் கவனிக்கப்பட்டது. சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சூடானில் 1953-ல் தேர்தல் நடத்த ஒரு சர்வதேச ஆணையம் அமைத்தபோது, அதன் தலைவராக சென் அழைக்கப்பட்டார். 1954-ல் அவருக்கு பத்ம பூஷண் விருது கிடைத்தது.

1957-ல் இரண்டாவது பொதுத்தேர்தலையும் அவரே நடத்தினார். முதல் தேர்தலின் பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் செலவு கணிசமாகக் குறைந்தது. பெயர் விஷயத்திலும் நிலைமை வெகுவாக மாறியிருந்தது. 1958 டிசம்பரில் பதவியில் இருந்து விலகினார். 1960-ல் பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். சில ஆண்டுகளில் காலமானார். சுயசரிதை எதுவும் எழுதவில்லை. முதல் தேர்தலைப் பற்றிய அவருடைய நீண்ட அரசு அறிக்கை மட்டும் இருக்கிறது. நீக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கையை அதில் அவர் மறைக்கவில்லை.

இப்போது இது ஏன் முக்கியம்?

பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. ஒற்றை ஆணையர் போய் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஆனால் சென் எதிர்கொண்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. தகுதி இல்லாத ஒரு பெயரும் உள்ளே இருக்கக் கூடாது, தகுதி உள்ள ஒரு பெயரும் வெளியே போகக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நூறு சதவீதம் நடப்பது கடினம். ஒவ்வொரு முறை பட்டியலைத் திருத்தும்போதும், எந்தத் தவறு நடந்தாலும் பரவாயில்லை என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார்.

வேலைக்காக ஊர் மாறி, வாடகை வீடு மாறி வாழ்கிறவர்களின் பெயர்தான் இதில் சுலபமாக விடுபடும். அதனால் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. அப்படியே வீட்டில் அம்மா, பாட்டியின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.