பட்டனை விட்டாலும் மோட்டார் ஓடுவது எப்படி? இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் டிஜிட்டல் கணினியை உருவாக்கிய சென்னைக்காரர் நரசிம்மனின் கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். சுவரில் ஸ்டார்ட்டர் பாக்ஸ் இருக்கும். பச்சை பட்டனை ஒரு தட்டு தட்டினால் மோட்டார் ஓடும். விரலை எடுத்துவிட்டாலும் ஓடிக்கிட்டே இருக்கும். சிவப்பைத் தட்டினால்தான் நிற்கும்.

விரலை எடுத்த பிறகும் அந்த பாக்ஸுக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது? பச்சையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி ஒரு கான்டாக்ட்டை இழுக்கிறது. அந்த கான்டாக்ட் வழியாகவே காயிலுக்கு மறுபடி கரண்ட் போகிறது. தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸில் இதற்குப் பெயர் லாட்ச். உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் இதே வேலையைச் செய்யும் குட்டி சர்க்யூட்டுகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன.

இந்தியாவில் இந்த சர்க்யூட்டை வைத்து ஒரு முழு கணினியையே கட்டிக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக்காரர். ஆர்.நரசிம்மன். 1926-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தார். பிறகு அமெரிக்கா போய் கால்டெக்கில் முதுகலைப் பட்டம், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் 1954-ல் ஊர் திரும்பி, ஹோமி பாபா நடத்தி வந்த மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அப்போது கணினி வேண்டும் என்றால் வெளிநாட்டில் வாங்குவதுதான் வழி. கொல்கத்தா புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனில் இருந்து ஒன்றை வரவழைத்தது. நரசிம்மன் குழு நாமே கட்டலாம் என்று இறங்கியது. இத்தனைக்கும் குழுவில் இருந்தவர்கள் ஏற்கெனவே கணினி கட்டிப் பழகியவர்கள் இல்லை. தோற்றால், இதெல்லாம் நமக்கு எதுக்கு என்ற பேச்சு நிச்சயம் வந்திருக்கும். அதனால் முதலில் சின்னதாக ஒரு சோதனை இயந்திரம் செய்து பார்த்தார்கள். 1956-ல் அது ஓடியது.

இரண்டு வால்வு, ஒரு ஞாபகம்

அது வால்வு ரேடியோ காலம். ஞாபகம் வைக்கும் சர்க்யூட்டை 1918-லேயே இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டான் என்ற இருவர் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு வால்வுகளைக் குறுக்காக இணைக்க வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றதை அடக்கி வைக்கும். அடங்கிய வால்வோ, முதல் வால்வைத் தொந்தரவு செய்யாமல் ஓட விடும். வெளியில் இருந்து ஒரு சின்ன தட்டு விழுந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மறுபடி தட்டும் வரை அப்படியே நிற்பார்கள். ஒரு நிலைக்கு 0, இன்னொன்றுக்கு 1 என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு பிட் சேமித்தாயிற்று.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆவடி பக்கம் ரயில்வே கேட்டைப் பார்த்திருப்பீர்கள். கேட் திறந்திருக்கும் வரை வண்டிகள் வரிசையாகப் போய்க்கிட்டே இருக்கும். லாட்ச்சும் அப்படித்தான்: திறந்திருக்கும் நேரம் முழுக்க உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும். இப்போது ஒரு எண்ணோடு 1 கூட்டி, விடையை அதே இடத்தில் வைக்க வேண்டும் என்று வையுங்கள். 5 என்பது 6 ஆகும். கேட் இன்னும் திறந்தே இருந்தால் அந்த 6 சுற்றி வந்து 7 ஆகிவிடும், அப்புறம் 8. கணக்கு கந்தல்!

இதற்குத் தீர்வு, இரண்டு லாட்ச்சுகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்று திறக்கும்போது மற்றதை மூடிவிடுவது. அப்போது ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கும். போட்டோ எடுப்பது போல, க்ளிக் செய்த அந்தக் கணத்தில் இருந்ததுதான் பதிவாகும். இன்று பாடப்புத்தகத்தில் ஃபிளிப்-ஃப்ளாப் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

18 அடி நீள இரும்புச் சட்டம்

முழு அளவு இயந்திரம் 1960-ல் முறைப்படி இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். எல்லாம் 18 அடி நீள இரும்புச் சட்டத்துக்குள். ஒரு சொல்லுக்கு 40 பிட். அதாவது ஒரே ஒரு எண்ணைக் கையில் பிடித்து வைக்கவே 40 ஃபிளிப்-ஃப்ளாப் வேண்டும். பெரிய நினைவகத்தையும் இப்படியே கட்டினால் கட்டுப்படியாகுமா? அதனால் 2,048 சொற்களைச் சேமிக்க குட்டி காந்த வளையங்களைப் பயன்படுத்தினார்கள். கரண்ட் போனால் ஃபிளிப்-ஃப்ளாப் எல்லாவற்றையும் மறந்துவிடும், பட்டறை ஸ்டார்ட்டர் மாதிரியே. காந்த வளையம் மறக்காது.

1962-ல் பிரதமர் நேரு இதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். ஆனால் அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964-ல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து இறங்கியது. டிஃப்ராக் பழசாகிப் போனது. வீண் வேலை என்று இதைச் சொல்லிவிட முடியாது. கணினியின் உள்ளும் புறமும் தெரிந்த ஒரு தலைமுறை இந்த ஒரு இயந்திரத்தில்தான் தயாரானது.

நரசிம்மனும் அதோடு நிற்கவில்லை. 1961 முதல் 1964 வரை இலினாய் பல்கலைக்கழகத்தில், கணினி படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள வைக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிறோமே, அதன் ஆரம்ப கால வேலைகளில் இதுவும் ஒன்று. இந்திய கணினி சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். மத்திய அரசின் சிஎம்சி நிறுவனத்துக்கும் முதல் தலைவர். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னாளில் குழந்தைகள் எப்படி மொழி கற்கிறார்கள் என்ற ஆய்வில் மூழ்கினார். 2007 செப்டம்பரில் காலமானார்.

இப்போது பாலிடெக்னிக் லேப்களில் மாணவர்கள் 7400 என்ற எண் கொண்ட ஐசியை பிரெட்போர்டில் செருகி, இரண்டு கேட்டுகளைக் குறுக்காக இணைத்து எல்இடி எரிய விடுகிறார்கள். நரசிம்மன் குழுவுக்கு சூடான வால்வுகள் தேவைப்பட்ட அந்த ஒரு பிட், இவர்களுக்கு நாலு கேட் உள்ள ஐசியில் பாதி இடத்திலேயே முடிந்துவிடுகிறது.