மறக்கப்பட்ட மாமேதை எல்லாப்பிரகடா சுப்பாராவ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. உயிர்வேதியியல்)

விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டம் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறு பொழுதில் ஓடுபவருடைய தசைகளுக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது? உண்ட சோறு என்று நாம் சொல்வோம். அது பாதி விடையே. மீதி விடையைத் தேடித் தந்தவர்களுள் ஒருவர், சென்னையிலே படித்து, அமெரிக்காவிலே உழைத்து, அங்கேயே மறைந்த டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அறிவியல் மாணவர் பலருக்கே இவர் பெயர் தெரிவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. பதின்மூன்று வயதில் காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளியில் சேர்த்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். மகன் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று அவர் தாயார் தம் நகைகளை விற்றார்.

இந்த இடத்தை நூலகத்தில் படித்தபோது என்னால் மேலே செல்ல முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்த ஆண்டு என் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று, இன்னும் மீட்கவில்லை. நம் வகுப்புகளில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருபவர்கள் பலர். அவர்களுக்காகவே இவ்வரலாற்றை எழுத முற்பட்டேன்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக்கும் கதர் உடையிலேயே சென்றார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராகிய ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற அதனினும் தாழ்ந்த பட்டமே கிடைத்தது. இதனால் அரசு மருத்துவப் பணிக்கான கதவு அடைபட்டது. டாக்டர் அசண்ட லட்சுமிபதியின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளரானார்.

இதற்கிடையே பேரிடி ஒன்று விழுந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் உடலை உருக்கிவிடும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் குறுகிய இடைவெளியில் பலியாயினர். அவரையும் அந்நோய் பற்றி, லட்சுமிபதியின் மருத்துவத்தால் பிழைத்தார். உணவு இருந்தும் உடல் ஏன் தேய்கிறது என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

கடல் கடந்து

மாமனாரின் பொருளுதவியோடு, மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையொன்றில் இரவுநேர ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். பின்னர் அங்கே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவரோடு ஆய்வில் ஈடுபட்டார்.

1925இல் இருவரும் பாஸ்பரஸை அளவிடும் முறையொன்றை வெளியிட்டனர். பாஸ்பேட்டுடன் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே பாஸ்பரஸின் அளவு. பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று நம் செய்முறை ஏட்டில் நாம் எழுதும் அதே சோதனைதான் இது. ஏட்டிலுள்ள சுப்பாராவ் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

தசையின் கைமுதல்

உணவிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி, கிளைகோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறும்போதே தசை சுருங்குகிறது என்று அக்காலத்தில் நம்பினர். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. அத்தகைய கருத்தை அசைப்பது எளிதன்று.

தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலநிறம் வழக்கத்தைவிடத் தாமதமாக ஏறுவதைச் சுப்பாராவும் பிஸ்கேயும் கண்டனர். மற்றவர்கள் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடும். எளிதில் உடையும் பாஸ்பேட் ஒன்று ஒளிந்திருப்பதாக அவர்கள் எண்ணினர். அதுவே பாஸ்போகிரியேட்டின், ஆண்டு 1927. இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே காலத்தில் இதனைக் கண்டனர். 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமன் தனியே இதே கண்டுபிடிப்பைச் செய்தார். லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கக்கூடும் என்பதை 1930இல் லுண்ட்ஸ்கார்ட் மெய்ப்பித்தபோது பழைய கருத்து வீழ்ந்தது.

இதை வீட்டு வரவு செலவைக் கொண்டு விளக்கலாம். ஏ.டி.பி. கையிலுள்ள சில்லறை, சில விநாடிகளுக்கே வரும். பாஸ்போகிரியேட்டின் மடியில் முடிந்த பணம். ஏறத்தாழ பத்து விநாடிக்குக் கைகொடுக்கும். கிளைகோஜன் குதிரில் உள்ள நெல். நெடுந்தூரம் ஓடுபவருக்கு அதுவே துணை. குதிர் காலியானால் எத்தகைய வீரரும் தளர்ந்துவிடுவார். நெல் அரிசியாவதற்கு உலக்கை வேண்டாமா? அந்த உலக்கைதான் நுண்சத்துக்கள். குளுக்கோஸின் சிதைவு முழுமையடையத் தயமினும் நியாசினும் ரிபோபிளேவினும் தேவை. பிராணவாயுவைச் சுமக்க இரும்பும், இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகப் போலிக் அமிலமும் வேண்டும். இவை தாமே ஆற்றல் தருவதில்லை. ஆகவே குறைபாடில்லாதவர் வைட்டமின் மாத்திரையை விழுங்குவதால் மட்டும் வேகம் கூடாது. அதே சமயம், இவை குறைந்தால் உண்ட சோறும் முழுப்பயன் தராது.

சகோதரர் கடன்

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின் ஆராய்ச்சி இயக்குநரானார். 1945இல் அவர் தலைமையிலான குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இரத்தச்சோகைக்கும், அவர் சகோதரரைக் கொன்ற அதே ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லை. ஆனால் அவரைப்போல் நோயுற்ற முகமறியாத பலர் பிழைத்தனர்.

போலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரினைக் கொண்டு, 1948இல் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் அளிக்க முடிந்தது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அதே ஆய்வுக்கூடத்தின் கொடைகளே.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தாய்நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை. மனைவியை மறுபடி காணவுமில்லை. நோபல் பரிசும் வரவில்லை. நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

முடிவாக

மாணவ நண்பர்களே! மூன்றாம் முறை தேறியவர், தாழ்ந்த பட்டம் பெற்றவர், இரவில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் உலகறிந்த உண்மைகளைக் கண்டார். மதிப்பெண் பட்டியல் ஒருவரை அளந்து முடித்துவிடுவதில்லை. நீலநிறம் ஏன் தாமதிக்கிறது என்று நின்று பார்க்கும் பொறுமையே அறிவியல்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. முதல் பேருந்தைப் பிடித்து, வெறும் தேநீரோடு விடியற்காலைப் பயிற்சிக்கு வரும் ஓட்டக்காரர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். காலியான குதிரோடுதான் அவர்கள் ஓடுகிறார்கள். பயிற்சி நாட்களில் அவர்களுக்கு ஒரு வாழைப்பழமும் அவித்த சுண்டலும் கிடைக்க ஆசிரியப் பெருமக்கள் வழிவகை செய்தால், சுப்பாராவின் நினைவுக்கு நாம் செலுத்தும் நல்ல அஞ்சலி அதுவேயாகும்.