தேய்த்துத் தேய்த்தே தேய்ந்த மட்டை

கோல்ப் மட்டையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் ஆட்டம் நன்றாக வருமா?

வரும். பந்தை உயரத் தூக்கி அடிக்கும் மட்டையின் முகத்தில் கோடுகள் உண்டு. அவற்றில் மண்ணும் புல்லும் அடைத்துக்கொண்டால் பந்து சரியாகச் சுழலாது. விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடும். கிண்டியிலும் நந்தனத்திலும் ஆடியவர்களுக்கு இது தெரியும்.

ஆனால், சுத்தம் செய்தே ஒரு மட்டை கெட்டுப்போன கதையும் இருக்கிறது. அது பாபி ஜோன்சின் மட்டை!

ஜோன்ஸ் 1902-ம் ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பிறந்தார். பின்னாளில் வக்கீல் ஆனார். போட்டிகளில் பரிசுப் பணம் வாங்கியதே இல்லை.

1923-ல் ஜிம் மெய்டன் என்பவர் அவருக்கு ஒரு மட்டை கொடுத்தார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை அது. பெயர் "கலாமிட்டி ஜேன்". அதைக்கொண்டு 1925-க்குள் 3 பெரிய பட்டங்களை ஜோன்ஸ் வென்றார்.

அந்தக் காலத்து மட்டைக்கு இரும்புத் தலை. மழைக்காலத்தில் தாம்பரம், பல்லாவரம் வீடுகளில் அரிவாள்மணை துருப்பிடிக்கிறதே, அதுபோல அதுவும் துருப்பிடித்தது. துருவைத் தேய்த்துத் தேய்த்து, முகம் மேடு பள்ளமாகிவிட்டது. உருட்டும் மட்டைக்கு முகம் சமமாக இருப்பதுதானே உயிர்!

ஜோன்ஸ் அதற்கு ஓய்வு கொடுத்தார். அதே மாதிரியில் புது மட்டை செய்யச் சொன்னார். அது 10 பட்டங்களை வாங்கிக் கொடுத்தது. அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளின் 4 பெரிய பட்டங்களையும் 1930-ம் ஆண்டு ஒன்றிலேயே ஜோன்ஸ் தட்டிச் சென்றார். 28 வயதிலேயே போட்டிகளுக்கு முழுக்குப் போட்டார்.

பிற்காலத்தில் முதுகுத்தண்டு நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1971 டிசம்பர் 18-ந்தேதி காலமானார்.