வேம்பின் கசப்பை அளந்த வேதியியல் மேதை



நமது தஞ்சைத் தரணியில் யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து வயலில் இடும் வழக்கத்தை அறியாத விவசாயி இல்லை. தழைச்சத்து விரைந்து வீணாகாமல் பயிருக்குச் சேர வேம்பு உதவுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் அரசே வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கட்டாயமாக்கியது. அந்த வேப்பெண்ணெயின் கசப்புப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்துக் காட்டிய டாக்டர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி அவர்களைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம்.

இவர்கள் 1897 அக்டோபர் 19 அன்று லக்னோவை அடுத்த பாரபங்கி மாவட்டத்தில் பிறந்தார்கள். அலிகரில் தத்துவமும் பார்ஸியும் கற்று, மருத்துவம் பயில 1920இல் லண்டன் சென்றார்கள். ஓராண்டில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகருக்கு மாறி, 1927இல் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

தாயகம் திரும்பியவர்களை டெல்லி திப்பியா கல்லூரி ஆய்வுப் பணிக்கு அழைத்துக்கொண்டவர்கள் ஹகீம் அஜ்மல் கான் (ரஹ்) அவர்கள். தலைமுறை தலைமுறையாக யூனானி வைத்தியம் செய்த குடும்பத்தின் தலைவர், தமது முன்னோரின் மருந்துகளைச் சோதனைக்கு உட்படுத்த முன்வந்தது சாதாரணமன்று. இதையே அவர்களின் பெருந்தன்மையாக நாம் கருதுகிறோம். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹகீம் வஃபாத்தானார்கள். 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த பொருளுக்கு ஸித்தீகி அவர்கள் அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். இதயத் துடிப்பின் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறியும் சோதனைக்கு மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

ஒரு பொருளைப் பிரித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதுமா? அதற்கு உரைகல் உருகுநிலை. பொருளைப் பொடித்து, ஒருமுனை மூடிய, நூல்போல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டு, வெப்பமானியுடன் சேர்த்துக் கட்டி, எண்ணெயில் அமிழ்த்தி மெல்ல மெல்லச் சூடேற்றுவர். தூய பொருளாயின் ஓரிரு டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். கலப்பிருந்தால் முன்னதாகவே இளகத் தொடங்கி, உருகி முடியப் பல டிகிரி பிடிக்கும். பிரித்தவர் பெரிய மேதை என்பதற்காக அது சலுகை காட்டாது!

1942இல் வேப்பெண்ணெயிலிருந்து மூன்று பொருள்களை ஸித்தீகி அவர்கள் பிரித்தார்கள். நிம்பின் என்னும் படிகம் 205 டிகிரி செல்ஸியஸில் உருகியது. நிம்பினின் 192இல் உருகியது. மூன்றாவதான நிம்பிடினோ படிகமாகவே அமையவில்லை. 90 முதல் 100 வரை இளகி இளகி உருகியது. அந்தப் பத்து டிகிரி இடைவெளியும் உள்ளபடியே பதிவாயிற்று. நிம்பிடின் ஒரே பொருளன்று, பல கசப்புப் பொருள்களின் கலவை என்பதைப் பின்வந்தோர் பிரித்துக் காட்டினர்.

1951இல் பாகிஸ்தான் அரசின் அழைப்பை ஏற்று அங்குக் குடிபெயர்ந்தார்கள். 1961இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவர்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை உருவாக்கி, முதுமையிலும் அங்கே ஆய்வைத் தொடர்ந்தார்கள். 1994 ஏப்ரல் 14 அன்று, தமது 96ஆம் வயதில் கராச்சியில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மறுமைப் பேறுகளை வழங்குவானாக! ஆமீன்.