வ.உ.சி.யும் 25 ரூபாய்ப் பங்கும்

பங்கு என்றால் என்னவென்று நம் இல்லத்துப் பெண்மணிகள் அண்மைக் காலமாக வினவுகின்றனர். பிள்ளைகள் கைபேசியிலேயே பங்கு வாங்கி விற்பதைக் காணுங்கால் அச்சமும் ஆவலும் ஒருங்கே எழுதல் இயல்பே. சுரண்டையும் தூத்துக்குடியும் ஒன்றாய் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை அறிந்தால் இதன் அடிப்படை விளங்கிவிடும்.

அவர் 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில், வழக்கறிஞர் உலகநாத பிள்ளையின் மைந்தராகத் தோன்றினார். தாமும் வழக்கறிஞராகித் தூத்துக்குடியில் தொழில் நடத்தினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிகம் அப்போது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது.

அதனை எதிர்த்து 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். திட்டமிட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதனை 40,000 கூறுகளாக்கி, கூறு ஒன்றுக்கு 25 ரூபாய் வைத்தனர். அக்கூறே பங்கு, அந்த 25 ரூபாயே அதன் முகமதிப்பு. பின்னர் ஒருவர் மற்றொருவருக்குப் பங்கை விற்கும் சந்தை விலை இதனினும் கூடலாம், குறையலாம்.

பங்கு வாங்கியவர் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் அல்லர். 40,000த்தில் ஒரு பாகத்துக்கு உடையவர். கடன் கொடுத்தவருக்கு வட்டி சேர வேண்டும். பங்குதாரருக்கோ இலாபம் வந்து, அதைப் பகிர்ந்தளித்தால்தான் பங்காதாயம். ஆனால் கம்பெனி முழுகினாலும் பங்குக்குரிய 25 ரூபாயோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும். வீட்டையும் நிலத்தையும் எவரும் கேட்க இயலாது. லிமிடெட் என்னும் சொல்லின் பொருள் இதுவே. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை எடுத்தார். கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்தில் ஒரு பாகம்!

முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. பின்னர் 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 சாக்கு மூட்டைகளையும் சுமக்க வல்லது. பங்குதாரர் தம் பணம் என்னவாயிற்று என்பதைத் துறைமுகத்தில் நின்று கண்ணாலேயே காணலாம். இன்று டீமேட் கணக்கில் பங்கு வைத்திருப்போர் அவ்வளவு தூரம் விசாரிக்கின்றனரா என்பது ஐயமே.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாக்கியது. உடனே வெள்ளையர் இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்தனர். பெருமுதல் உள்ளவர் நெடுநாள் நட்டம் தாங்குவர். சிறு கம்பெனியின் நட்டமோ விரைவில் பங்குதாரரின் முதலைத் தின்றுவிடும். தேசபக்தியால் வாங்கிய பங்குக்கும் இக்கணக்கில் விலக்கில்லை.

கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ.உ.சி., 1908 மார்ச் 12 அன்று கைதானார். ஜூலை 7 அன்று, இரண்டு ஆயுள் தண்டனைகளாக 40 ஆண்டு தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். ஒருவர் தோளிலேயே நின்ற கம்பெனி, அவர் உள்ளே சென்றபின் தளர்ந்து 1911இல் கலைந்தது. கம்பெனி கலையும்போது கடன்காரருக்குக் கொடுத்தபின் எஞ்சுவதே பங்குதாரருக்கு. கப்பலும் போட்டியாளரிடமே விலைபோயிற்று.

1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையில் கடை வைத்தும் வறுமை தீரவில்லை. வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் உரிமை மீண்டது. நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். கம்பெனியின் கடன் சட்டப்படி அவரைத் தொடரவில்லை. தம் சொந்தக் கடன்களையோ, இன்னாருக்கு இவ்வளவு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.