மதரஸா மாணவர் பெயரில் ஒரு விமான நிலையம்

அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் விமானம் இறங்கும் இடத்திற்கு ஹுவாரி பூமதீன் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர். அந்நாட்டை 13 ஆண்டுகள் ஆண்ட அவர், மதரஸாவில் ஓதிய ஏழை விவசாயியின் மகன்.

இயற்பெயர் முஹம்மது பூகரூபா. 1932-ல் கிழக்கு அல்ஜீரியாவின் குவெல்மா அருகே பிறந்தார். 1945 மே மாதம் அந்தப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் நடத்திய படுகொலையின்போது அவர் சிறுவன். குர்ஆன் பள்ளியில் தொடங்கிய படிப்பு, கான்ஸ்டன்டைன் நகர அரபு மதரஸாவில் வளர்ந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதிலிருந்து தப்பி கெய்ரோ சென்றவர், அல்-அஸ்ஹரில் கல்வியைத் தொடர்ந்தார்.

1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. அடுத்த ஆண்டே கிதாபை வைத்துவிட்டுக் களம் புகுந்தார். ஓரானில் அடங்கியிருக்கும் சீதி அல்-ஹுவாரி, திலிம்சானில் அடங்கியிருக்கும் சீதி அபூமத்யன் ஆகிய இரு இறைநேசர்களின் பெயர்களை இணைத்து, போர்க்களப் பெயராக்கிக் கொண்டார். 1960-ல் விடுதலைப் படையின் தலைமைத் தளபதியானார். 1962-ல் நாடு விடுதலை பெற்றது.

அடுத்து நடந்ததை மறைத்தால் அது வரலாறு ஆகாது. 1965 ஜூன் 19 அன்று, தன்னைப் பாதுகாப்பு அமைச்சராக வைத்திருந்த அதிபர் அஹ்மத் பின் பெல்லாவைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார். பின் பெல்லா முழு விடுதலை பெற்றது பூமதீன் மறைந்த பிறகுதான். 1976 அதிபர் தேர்தலிலும் பூமதீனைத் தவிர வேறு வேட்பாளர் இல்லை.

அவரது பெரும் சாதனை 1971 பிப்ரவரி 24 அன்று நிகழ்ந்தது. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கும், இயற்கை எரிவாயு முழுவதும் அரசுடைமை ஆயின. 1973-ல் அணிசேரா நாடுகளின் மாநாட்டை அல்ஜியர்ஸில் கூட்டினார். மறு ஆண்டு ஐ.நா. சபையில், மூலப்பொருளின் விலையை அதை விளைவிக்கும் நாடுகளே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1978 டிசம்பர் 27 அன்று நோயால் காலமானார்.

நெய்வேலியில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. இங்கே பழுப்பு நிலக்கரி 1956 முதலே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதனால் மண்ணின் செல்வத்தை அந்நியரிடமிருந்து மீட்கும் வலி நமக்குத் தெரியாது. ஆனால் சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் கொடுத்த கிராமத்து மக்களுக்கு வேறொரு வலி தெரியும். செல்வம் பொதுவில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிய முடிவில் மக்களின் குரலும் இருக்க வேண்டும். பூமதீன் முதலாவதைச் சாதித்தார், இரண்டாவதைத் தரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதே அவருக்குச் செய்யும் நீதி.